மூணு பேரைத் தாண்டி நாலாவது ஆள்

சர்க்கார் ஆபீஸானாலும் சரி, சங்கத்து ஆபீஸானாலும் சரி, நம்ம பக்கத்தில் ஒரு மனுஷனுக்கு மரியாதை வாங்கித் தருபவை இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, சொந்த வீடு. இன்னொன்று, சீனியாரிட்டி லிஸ்ட்டில் அவர் எத்தனாவது ஆள் என்பது. முதலாவதை பாங்க்கில் லோன் போட்டுச் சம்பாதித்துவிடலாம். இரண்டாவதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மேலே இருப்பவர் ரிட்டயர் ஆக வேண்டும், அல்லது மாற்றலாகிப் போக வேண்டும், அல்லது... (வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக அதை எதற்கு எழுதுவானேன்!)

எங்கள் ஆபீஸில் மூணு வருஷம் முன்னால் ஒரு கூத்து நடந்தது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நாமக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவுதான் சொல்வேன். இந்த மாசச் சம்பளமும் அங்கேதான் வாங்கியாக வேண்டும்.

சூப்ரண்டு ரிட்டயர் ஆனார். அடுத்து வர வேண்டிய மூணு பேருக்கும் இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். அந்த மூணு பேரும் அதற்கு முந்தின மாசம்தான் ஒரு ஃபைலில், 'இந்தக் கொள்முதல் விதிகளின்படி இல்லை' என்று குறிப்பு எழுதி, கையெழுத்தும் போட்டுத் தொலைத்திருந்தார்கள். நாலாவது ஆள் அதே ஃபைலில் 'மேலிடத்து உத்தரவுப்படி' என்று எழுதினவர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, எல்லோரும் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைக்கிற நேரமாகப் பார்த்து நோட்டீஸ் போர்டில் ஆர்டரை ஒட்டினார்கள். புது சூப்ரண்டு யார்? நீங்கள் நினைத்தது சரி.

யூனியன்காரர்கள் போய்க் கேட்டதற்கு மேலிடம் சொன்ன பதில்: "சீனியாரிட்டி மட்டும் தகுதியாயிடுமா சார்? திறமைன்னு ஒண்ணு வேண்டாமா?"

இதற்கு யாருக்கும் வாய் திறக்க முடியவில்லை. கேள்வி நியாயமான கேள்வியாச்சே! வயசு ஏறுவதற்குத் திறமை தேவையில்லை. எருமை மாட்டுக்கும் ஏறுகிறது. கேட்டவர் யார், எந்த மாசம் பார்த்துக் கேட்டார் என்பதில்தான் இடித்தது.

சேலம் கோர்ட்டில் நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். நடந்ததை அவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"இதுக்குப் போயி இவ்வளவு சங்கடப்படறீங்களே தம்பி. சுப்ரீம் கோர்ட்டுலயே இந்த வேலை நடந்திருக்குதுங்க. மூணு பேரைத் தாண்டி நாலாவது ஆளு. அது சரிதான்னு பார்லிமெண்டுல எந்திரிச்சு நின்னு வாதாடினது யாருங்கறீங்க? நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆளுதானுங்க!"

குமாரமங்கலம்! நமக்கு அது ரிக் வண்டிகளும் விசைத்தறிச் சத்தமும் நிறைந்த திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டெல்லிக்காரர்களுக்கோ அது ஒரு குடும்பத்தின் பெயர். குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் பி. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. ஒரு மகன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதி. மகள் பார்வதி கிருஷ்ணன், கோவையில் ஜெயித்த கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரே வீட்டில் ஜமீன், ராணுவம், செங்கொடி மூன்றும்! தீபாவளிக்கு எல்லோரும் கூடினால் என்ன பேசிக்கொள்வார்களோ, தெரியாது.

நம் கதாநாயகர் இன்னொரு மகன், மோகன் குமாரமங்கலம். 1916-ல் லண்டனில் பிறந்தவர். படித்தது ஈட்டன் பள்ளிக்கூடம், பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே யூனியன் தலைவராக இருந்துவிட்டு, கம்யூனிஸ்டாக ஊர் திரும்பினார். ஜெயிலுக்கும் போனார், கோர்ட்டுக்கும் போனார். கோர்ட்டுக்குப் போனது வக்கீலாக. 1966-ல் சென்னையின் அட்வகேட் ஜெனரல். பிறகு காங்கிரஸ். 1971-ல் பாண்டிச்சேரி எம்.பி.யாகி, இந்திரா காந்தியின் மந்திரிசபையில் உருக்கு, சுரங்க மந்திரி. சேலம் உருக்காலைக்கு அதற்கு முந்தின வருஷம்தான் இந்திரா வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போயிருந்தார். நாமக்கல்லும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்த காலம் அது (பிரிந்தது 1997-ல்). நம்ம ஜில்லாக்காரரே உருக்கு மந்திரி!

நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியதில் பெரிய பங்கு அவருடையது. சர்க்கார் இப்படி ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க எடுக்க, சுப்ரீம் கோர்ட் குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. 1970-ல் பாங்க் நாட்டுடைமை வழக்கில் 11 நீதிபதிகளில் 10 பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். செல்லும் என்று தனியாக நின்ற ஒரே ஒருவர் ஏ.என். ரே. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1973 ஏப்ரல் 24. காசர்கோடு பக்கத்தில் எடநீர் மடத்துச் சாமியார் கேசவானந்த பாரதி, கேரளத்து நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் அன்று தீர்ப்பு. மொத்தம் 13 நீதிபதிகள். விசாரணை மட்டும் 68 நாள். மடத்து நிலத்தில் ஆரம்பித்த வழக்கு, பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதில் வந்து நின்றுவிட்டது. 'மாற்றலாம், ஆனால் அதன் அடிப்படை அமைப்பில் கை வைக்கக்கூடாது' என்றார்கள் 7 பேர். 6 பேர் அதற்கு ஒப்பவில்லை. ஒரே ஒரு ஓட்டு! பஞ்சாயத்து எலெக்ஷனில்கூட மறு எண்ணிக்கை கேட்பார்கள்.

மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ரிட்டயர் ஆகிறார். வரிசைப்படி அடுத்தவர் ஷெலத். அவருக்கு அடுத்து ஹெக்டே. அதற்கு அடுத்து குரோவர். மூணு பேரும் அந்த 7 பேரில் சேர்ந்தவர்கள். அன்று சாயங்காலம் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி வருகிறது: அடுத்த தலைமை நீதிபதி, ஏ.என். ரே.

எங்கள் நோட்டீஸ் போர்டு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. குமாஸ்தா பெரியவர் சொல்லச் சொல்ல எனக்குக் கையெல்லாம் பரபரத்தது.

நாடே கொந்தளித்தது. வக்கீல்கள் ஊர் ஊராகக் கண்டனக் கூட்டம் போட்டார்கள். சட்ட மந்திரியாக கோகலே என்று ஒருவர் இருக்கத்தான் இருந்தார். ஆனால் லோக்சபாவில் எதிர்க்கட்சிகளுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னவர், உருக்கு மந்திரி. நீதிபதி நியமனத்துக்கும் உருக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. வக்கீலுக்கு வக்கீல் வேலைதான் முதலில்.

அவருடைய வாதம் சாமானியமானதல்ல. செதல்வாட் தலைமையில் இருந்த சட்டக் கமிஷனே 1958-ல், தலைமை நீதிபதி பதவிக்கு சீனியாரிட்டி மட்டும் போதாது என்று எழுதியிருக்கிறதே என்றார். 1964-ல் உடம்பு சரியில்லை என்று இமாம் என்ற நீதிபதியைத் தாண்டி அடுத்தவரைப் போடவில்லையா என்றார். இதெல்லாம் சில்லறை வாதம். முக்கியமான விஷயத்துக்கு அப்புறம்தான் வந்தார். நீதிபதிக்கு ஒரு கண்ணோட்டம், வாழ்க்கையைப் பற்றி ஒரு தத்துவம் இருக்கத்தான் செய்யும். நாடு போகிற திசையைப் புரிந்துகொள்கிற மனிதர்தானா என்று பார்த்துத் தலைமைப் பதவி கொடுக்க சர்க்காருக்கு உரிமை உண்டு என்றார். ஒளிவு மறைவே இல்லை. அதே வருஷம் இதைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வருவதற்குப் பதிலாக ஒரு மரியாதைதான் வந்தது. எங்கள் ஆபீஸ் மேலிடம் 'திறமை' என்று ஒரு துணியைப் போட்டு மூடியது. இவர் துணியே போடவில்லை. 'ஆமாம், எங்கள் போக்குக்கு ஒத்து வருகிறவரைத்தான் போட்டோம்' என்பதைத்தான் கொஞ்சம் கௌரவமான பாஷையில் சொன்னார். நீதிபதி கறுப்பு அங்கியைப் போட்டவுடன் ஆசாபாசம் எல்லாம் உதிர்ந்து போய்விடும் என்று நாம் பேசுகிறோமே, அதைவிட இது உண்மைக்கு எவ்வளவோ பக்கம். ஹெக்டேயே நீதிபதி ஆவதற்கு முன்னால் காங்கிரஸின் ராஜ்யசபா எம்.பி.யாக இருந்தவர்தான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. சுப்ரீம் கோர்ட்டில் அதிகமாக வழக்கு நடத்துகிற கட்சிக்காரர் யார்? சர்க்கார்! ஒரு வழக்கில் ஒரு கட்சிக்காரர், 'எனக்கு ஒத்து வருகிற ஆளாகப் பார்த்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன்' என்றால், எதிர்க் கட்சிக்காரன் கதி என்ன? சந்தையில் மாடு விற்கிறவனே தரகனையும் கூட்டிக்கொண்டு வந்த கதைதான். சீனியாரிட்டி வேண்டாம் என்று எழுதின அந்தச் செதல்வாடே இந்த நியமனத்தை எதிர்த்து நின்றார். தான் சொன்னது இதற்காக இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

ஷெலத், ஹெக்டே, குரோவர் மூணு பேரும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். (எங்கள் ஆபீஸ் அண்ணன்மார்கள் ராஜினாமா செய்யவில்லை. ஒருவருக்கு ஹவுசிங் லோன், ஒருவருக்கு மகள் கல்யாணம், மூணாவது அண்ணனுக்கு சுகர். புது சூப்ரண்டுக்கு வாழ்த்துச் சொல்லி, அவர் வாங்கித் தந்த ஜிலேபியையும் சாப்பிட்டார்கள், சுகர்காரர் உள்பட.)

ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 1973 மே 31-ம் தேதி ராத்திரி, சென்னையிலிருந்து போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் டெல்லியில் இறங்கும்போது விழுந்து நொறுங்கியது. 65 பேரில் 48 பேர் பலி. அதில் மோகன் குமாரமங்கலமும் ஒருவர். வயசு 56. தான் வாதாடிக் கொடுத்த வழக்கம் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க அவர் இல்லை.

அது போன தூரம் கொஞ்சநஞ்சமல்ல. எமர்ஜென்சி வந்தது. விசாரணையில்லாமல் உள்ளே தள்ளப்பட்டவன் கோர்ட்டுக்கு வரலாமா, கூடாதா என்று ஒரு வழக்கு. 1976 ஏப்ரல் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் 'வர முடியாது' என்றார்கள். 'வரலாம்' என்று ஒற்றை ஆளாக எழுதியவர் எச்.ஆர். கன்னா. இதை எழுதினால் தனக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காது என்று முன்கூட்டியே தன் சகோதரியிடம் சொன்னதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அப்படியே ஆயிற்று. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆனார். கன்னா ராஜினாமா செய்தார்.

என் கூட ரூமில் இருக்கும் பாங்க் மாப்பிள்ளையிடம் (உறவில் ஒன்றுமில்லை; நாமக்கல்லில் வாடகை பங்கு போடுகிற எல்லோரும் மாப்பிள்ளைதான்) இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "ஏன்டா மாப்ளே, அந்த ரேயைப் போட்டதால சர்க்காருக்கு நினைச்சதெல்லாம் நடந்துச்சா?"

நடக்கவில்லை! அதுதான் வேடிக்கை. 1975 நவம்பரில் கேசவானந்த பாரதி தீர்ப்பைத் திருப்பிப் பார்க்கலாம் என்று ரே மறுபடி 13 பேர் பெஞ்சைக் கூட்டினார். பல்கிவாலா எழுந்து வாதாடினார். இரண்டே நாள் விசாரணை. பெஞ்சைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார் ரே. அந்த ஒரு ஓட்டுத் தீர்ப்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

ஜனதா கட்சி வந்தது. பழி வாங்க நல்ல சந்தர்ப்பம். 1978-ல் வரிசைப்படி தலைமை நீதிபதி ஆக வேண்டியவர் ஒய்.வி. சந்திரசூட். எமர்ஜென்சி வழக்கில் அந்த நாலு பேரில் ஒருவர். அவரைத் தாண்டிப் போட வேண்டும் என்று பலர் குதித்தார்கள். ஜனதா சர்க்கார் குதிக்கவில்லை. சீனியாரிட்டிப்படி அவரையே போட்டது. ஏழு வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். இதுவரை யாரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. ஜனதாவைப் பற்றி நாம் எவ்வளவோ கேலி பேசுகிறோம். என் கணக்கில், இந்த ஒரு காரியத்துக்காக அவர்களுடைய பாதி சண்டையை மன்னித்துவிடலாம்.

அப்புறம் நீதிபதிகள் உஷாராகிவிட்டார்கள். 1993 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, இனிமேல் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் வார்த்தைதான் முக்கியம் என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்த ஒன்பது பேரில் நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர் ரத்னவேல் பாண்டியனும் ஒருவர். 1998-ல் அது இன்னும் கெட்டியானது. சுப்ரீம் கோர்ட் நீதிபதி வேண்டுமென்றால், தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நாலு பேரும் கூடிப் பெயர் சொல்ல வேண்டும். இதற்குக் கொலீஜியம் என்று பெயர். அரசியல் சட்டப் புத்தகத்தை மேலும் கீழும் புரட்டினாலும் இந்த வார்த்தை அகப்படாது.

"நம்ம முட்டை மாதிரி!" என்றான் பாங்க் மாப்பிள்ளை.

வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிவிடுகிறேன். நாமக்கல்லில் முட்டை போடுவது கோழி. விலை போடுவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. குழு கூடும், விலை சொல்லும், மறுநாள் பேப்பரில் வரும். பண்ணைக்காரர் முணுமுணுத்தாலும், வாங்குகிறவர் முணுமுணுத்தாலும் அதுதான் விலை. ஆனால் முட்டைக் குழு விலையை வெளியே சொல்லிவிடுகிறது. கொலீஜியம் யாரைச் சொன்னது, ஏன் சொன்னது என்பது ரொம்ப வருஷம் வெளியே வராது. 2017 அக்டோபருக்கு அப்புறம்தான் வெளியிட ஆரம்பித்தார்கள்.

இதை மாற்றுகிறோம் என்று 2014-ல் கிட்டத்தட்ட எல்லாக் கட்சியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. நம்ப மாட்டீர்கள், லோக்சபாவில் எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட இல்லை. 367-க்கு பூஜ்யம்! தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இரண்டு பேர், சட்ட மந்திரி, வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் இரண்டு பேர் என்று ஆறு பேர் கமிஷன். ஆறில் எந்த இரண்டு பேர் 'வேண்டாம்' என்றாலும் அந்தப் பெயர் காலி. 2015 அக்டோபர் 16-ல் சுப்ரீம் கோர்ட் 4-க்கு 1 என்று அதை ரத்து செய்துவிட்டது. காரணம், நீதித்துறையின் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைச் சேர்ந்தது. ஆம், அதே சாமியார் வழக்கு!

ஆனால் சர்க்கார் சும்மா இருக்குமா? கொலீஜியம் பெயர் அனுப்பினாலும் ஆர்டர் போடுவது சர்க்கார்தானே. இப்போதெல்லாம் யாரையும் 'தாண்டி'ப் போடுவதில்லை. ஃபைலை அடியில் வைத்துவிடுவதுதான் புது முறை. 2014-ல் நாலு பெயர் போயிற்று. மூணுக்கு சரி என்று சொல்லி, கோபால் சுப்ரமணியத்தின் பெயரை மட்டும் தனியாகப் பிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் மனம் நொந்து விலகிக்கொண்டார். 2018-ல் கே.எம். ஜோசப் பெயர் திரும்பி வந்தது. அவர் 2016-ல் உத்தராகண்டில் ஜனாதிபதி ஆட்சியை ரத்து செய்தவர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது சர்க்கார். கொலீஜியம் மறுபடி அனுப்பிய பிறகு ஆகஸ்டில் நியமனம் வந்தது. அதற்குள் அவர் சீனியாரிட்டியில் கீழே போயிருந்தார். கிளார்க்குகளுக்கு இதன் வலி புரியும். மூணு மாசம் லேட்டான ஆர்டர், ரிட்டயர் ஆகிற வரைக்கும் கூடவே வரும்.

கட்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்களில்லை. 1993 மே மாசம், சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. தமிழ்நாட்டுக்காரர். நீக்க வேண்டும் என்று 196 பேர். வேண்டாம் என்று ஒருவர்கூட இல்லை. காங்கிரஸும் கூட்டாளிகளுமாக 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. எதிர்ப்பே இல்லாமல் தோற்ற தீர்மானம்! அந்த நரசிம்ம ராவ் மந்திரிசபையில் 1991-ல் சட்டத்துறைக்கு ராஜாங்க மந்திரியானவர் சேலம் எம்.பி. ரங்கராஜன் குமாரமங்கலம், மோகனுடைய மகன். நம்ம ஜில்லாவுக்கும் ஜட்ஜுகளுக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் போலிருக்கிறது.

ஆற்றுக்கு அந்தக் கரையில், பவானிக்குப் பக்கத்துக் கடப்பநல்லூரிலிருந்து போய், 2013-ல் தலைமை நீதிபதியே ஆனார் பி. சதாசிவம். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. எங்கள் பக்கமெல்லாம் ஒரே சந்தோஷம். ரிட்டயராகி ஐந்து மாசம் ஆவதற்குள் கேரளாவுக்குக் கவர்னரானார். சட்டத்தில் தடையில்லைதான். ஆனாலும் தலைமை நீதிபதியாக இருந்தவர் போய் இன்னொருவரிடம் ஆர்டர் வாங்குவது எனக்கு ரசிக்கவில்லை. குமாஸ்தா பெரியவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். "நம்ம சனம் ஒருத்தர் மேல வந்தா உங்களுக்குப் பொறுக்காதுங்களே!" என்றார். ஒரு வாரம் பேசவில்லை.

ராசிபுரத்து நண்பன் ஒருவன் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் இதையெல்லாம் போனில் சொன்னால், "நீங்க எவ்வளவோ தேவலை" என்கிறான். அமெரிக்காவில் சுப்ரீம் கோர்ட் நீதிபதியை ஜனாதிபதி சொல்ல வேண்டும், செனட் சபை ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். எல்லாம் பகிரங்கம், டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. 1986-ல் ஸ்காலியா என்பவருக்கு 98-க்கு பூஜ்யம். 1993-ல் கின்ஸ்பர்க் அம்மாளுக்கு 96-க்கு 3. இரண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கிய காலம். 2018-ல் கவனாவுக்கு 50-க்கு 48. 2020-ல் பாரெட் அம்மாளுக்கு 52-க்கு 48, அதுவும் ஜனாதிபதி தேர்தலுக்கு எட்டே நாள் முன்னால். ஆனால் 2016-ல் ஒபாமா மார்ச் மாசமே கார்லண்ட் என்பவரைச் சொன்னபோது, 'தேர்தல் வருஷம், இப்போது கூடாது' என்று விசாரணைக்குக்கூட எடுக்காமல் வருஷக் கடைசி வரை ஓட்டியதும் இதே செனட்தான். நம்ம ஃபைலை அடியில் வைக்கும் வித்தை அங்கேயும் தெரிந்திருக்கிறது! அங்கே நீதிபதிக்கு ரிட்டயர்மெண்டே கிடையாது. உயிரோடு இருக்கும்வரை நாற்காலி. நமக்கு 65-ல் முடிந்துவிடுகிறது. "அங்க ஒரு தீர்ப்பு வந்தா, எந்த ஜட்ஜு எந்தக் கட்சி போட்ட ஆளுன்னு சேர்த்துத்தான் பேப்பர்ல போடுவான்" என்றான் நண்பன்.

இந்தப் பேச்செல்லாம் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, சித்தப்பாவின் தோட்டத்தில் கல் நடும் வரைக்கும்.

சேலத்துக்குக் கிழக்கே சித்தப்பாவுக்கு இரண்டரை ஏக்கர். தென்னை, கொஞ்சம் மரவள்ளி, ஒரு கிணறு. 2018-ல் சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை என்றார்கள். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி. சர்வே செய்து தோட்டத்தின் நடுவில் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கிணறு ரோட்டுக்குள் போகிறது. சித்தி மூணு நாள் சோறு ஆக்கவில்லை. 2019 ஏப்ரல் 8-ம் தேதி சென்னை ஹைகோர்ட் நிலம் எடுத்தது செல்லாது என்றது. அன்று பல ஊரில் விவசாயிகள் கல்லைப் பிடுங்கினார்கள். சித்தப்பாவும் பிடுங்கினார். சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

அப்போதிலிருந்து சித்தப்பா வாரா வாரம் எனக்குப் போன். "அங்க நம்ம கேஸுக்கு உக்காரப் போற ஜட்ஜுங்க யாருங்க கண்ணு? நல்ல மாதிரிங்களா? விவசாயம் தெரிஞ்ச ஆளுங்களா?"

மோகன் குமாரமங்கலம் பார்லிமெண்டில் கேட்ட அதே கேள்வி! கண்ணோட்டம் என்ன, தத்துவம் என்ன? சித்தப்பா எட்டாம் கிளாஸ். அவருக்கும் தெரிந்திருக்கிறது, நீதிபதிக்கு ஒரு மனசு இருக்கும், அது ஒரு பக்கம் சாயும் என்று. எனக்கோ உடனே சர்க்காருக்கும் இதே கேள்வி இருக்குமே என்று தோன்றியது. அவர்களுக்கு வேண்டியது ரோடு தெரிந்த நீதிபதி.

2020 டிசம்பர் 8-ல் மூணு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நிலம் எடுக்கிற அறிவிக்கை செல்லும். ஆனால் எடுத்து முடிப்பதற்கு முன்னாலேயே பட்டாவில் பெயரை மாற்றியது செல்லாது. பாதி இங்கே, பாதி அங்கே. சர்க்கார் ஆளாகப் பார்த்துப் போட்டதால் இப்படி என்றோ, போடாததால் இப்படி என்றோ யாராலும் சொல்ல முடியாத தீர்ப்பு. போனில் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சரிங்க கண்ணு. அவங்களை அங்க யாருங்க போடறது? நாம ஓட்டுப் போடறமுங்களா?"

"இல்லீங்க சித்தப்பா. ஜட்ஜுங்களே கூடிப் பேசி அவங்களுக்குள்ள முடிவு பண்றாங்க. சர்க்கார் ஆர்டர் போடுது."

"அவங்களே அவங்களைப் போட்டுக்கறாங்களா?"

"சர்க்கார்கிட்ட விட்டா அது தன் ஆளாப் பாத்துப் போட்டுக்குமுங்க சித்தப்பா. முன்ன ஒருக்கா அப்படித்தான் ஆச்சு."

"ஓ" என்றார். "அப்ப ரெண்டு பேருகிட்டயும் குடுக்காம வேற யாருகிட்டயாச்சும் குடுக்கக்கூடாதுங்களா?"

அப்படி ஒரு கமிஷன் வந்ததையும் அது போனதையும் அரை மணி நேரம் விளக்கினேன். நடுவில் மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோர்ட் சொல்லிவிட்டதே, பிடுங்கின கல்லை என்ன செய்தீர்கள் என்று சித்தியிடம் கேட்டேன். கிணற்று மேட்டில் போட்டிருக்கிறார்களாம். போர்வை, ஜமுக்காளம் துவைக்க அந்த மாதிரி வாகான கல் கிடைக்காதாம்.